இலங்கையில் வாகனத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று பொலிஸாரிடம் எதைக் காட்டி நிரூபிப்பது?

ஹட்டனில் இருந்து நுவரெலியா போகும் வழியில் பொலிஸார் மறித்தார்கள், கண்ணாடியில் ஒட்டியிருந்த வருமான அனுமதிப்பத்திரம் (வாகனத்துக்கு வருஷா வருஷம் எடுக்கிற லைசன்ஸ்) செல்லுபடியாகத்தான் இருந்தது, இன்சூரன்ஸ் அட்டையின் படம் போனில் இருந்தது, அப்படியும் இன்சூரன்ஸ் காட்டவில்லை என்று குற்றத் தாள் எழுதிவிட்டார்கள், இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காட்ட வேண்டியது காப்புறுதிச் சான்றிதழ். நாம் எல்லோரும் 'இன்சூரன்ஸ் காட்' என்று சொல்கிற அந்த அட்டை. அது கைக்கு வரும்வரை கம்பனி தந்த தற்காலிகக் கவர் நோட், அதுவும் அதில் போட்ட திகதி தாண்டாமல் இருந்தால். கண்ணாடியில் ஒட்டியிருப்பது வேறு விஷயம். அது இருப்பதால் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று ஆகாது. போன் படத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. கொட்டகலைப் பக்கம் 12 வருஷமாக ஓட்டோ ஓட்டுகிறவன், இப்போது ஒரு சின்ன வேனும் வைத்திருக்கிறேன். இந்த விஷயத்தில் ஒரு முறை மாட்டி, அதற்காகவே சட்டத்தைக் கேட்டுப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இதற்கெல்லாம் அடிப்படை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். அதன் 99ஆம் பிரிவு சொல்வது இதுதான்: மூன்றாம் தரப்புக்கு வரக்கூடிய பாதிப்புக்குக் காப்புறுதி இல்லாத வாகனத்தை வீதியில் ஓட்டவும் கூடாது, இன்னொருவர் ஓட்ட விடவும் கூடாது. பின்பாதியைப் பலர் கவனிப்பதில்லை. மச்சான் அவசரத்துக்கு உங்கள் வண்டியைக் கேட்டு எடுத்துப் போய் மாட்டினால் அவரோடு நீங்களும் பதில் சொல்ல வேண்டி வரும்.

மூன்றாம் தரப்பு என்றால் யார்? எங்கள் ரோட்டில் போய்ப் பார்த்தால் தெரியும். நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், நடுவில் வளைவு. அந்த ஓரத்தில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், கொழுந்து நிறுத்துவிட்டு மூட்டையோடு பெண்கள் நிற்கிறார்கள். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், கொழும்புப் பாடசாலை மாணவர்களை ஏற்றி வந்த பஸ் ஒரு வேனிலும் ஓட்டோவிலும் மோதி, அந்த இரண்டிலும் இருந்தவர்களில் 7 பேர் இறந்தார்கள். பஸ்ஸின் காப்புறுதியைப் பொறுத்தவரை வேனில் இருந்தவர்களும் ஓட்டோவில் இருந்தவரும்தான் மூன்றாம் தரப்பு. சட்டம் கட்டாயப்படுத்துவது இப்படிப்பட்டவர்களின் உயிருக்கும் உடல் காயத்துக்கும்தான். உங்கள் வண்டியின் கதவு நசுங்கியதற்குக் காசு வேண்டும் என்றால் ஃபுல் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும், அது உங்கள் விருப்பம். லீசிங்கில் வண்டி எடுத்தவர்களை மட்டும் லீசிங் கம்பனி விடாது, ஃபுல்லாகத்தான் போடச் சொல்லும்.

இனி என் கதை.

ஓட்டோவின் இன்சூரன்ஸ் ஜூலை நடுவில் முடிகிறது. முடிவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே டவுனில் ஏஜன்டிடம் காசைக் கட்டிவிட்டேன். அவர் ஒரு மாதத்துக்குக் கவர் நோட் எழுதித் தந்து, "அட்டை தபாலில் வரும் தம்பி" என்றார். நானும் மறந்துவிட்டேன். ஓகஸ்ட் கடைசியில் சென் கிளயர் நீர்வீழ்ச்சி தெரியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் மறித்தார்கள். "ரக்ஷணே கோ?" (இன்சூரன்ஸ் எங்கே?) என்று சிங்களத்தில் கேட்டார் ட்ரெஃபிக் பொலிஸ்காரர். நான் பெருமையாகக் கவர் நோட்டை எடுத்து நீட்டினேன். அவர் திகதியில் விரலை வைத்துக் காட்டினார். முடிந்து இரண்டு கிழமை ஆகியிருந்தது.

"காசு கட்டியிருக்கிறேன் சேர், அட்டை வரவில்லை" என்றேன். இதை அவர் அன்றைக்கு மட்டும் பத்துப் பேரிடம் கேட்டிருப்பார் போல. சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு தாள் ஒன்றை எழுதித் தந்தார்.

அட்டை எங்கே இருந்தது தெரியுமா? தோட்டக் கந்தோரில். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, தனி விலாசம் கிடையாது. பெயர், டிவிஷன், தோட்டம் என்று எழுதிய கடிதம் கந்தோருக்குப் போகும், அங்கிருந்து யாராவது கொண்டு வந்து தந்தால்தான் உண்டு. என் அட்டை ஒரு மாதத்துக்கு மேல் கிளாக்கர் மேசையில் ஒரு கட்டுக்குள் கிடந்திருக்கிறது. அதே கட்டில் பக்கத்து லயத்துப் பிள்ளை ஒன்றுக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதமும் இருந்தது, அது நடந்து முடிந்து பத்து நாள். என் கதையைவிட அதுதான் எனக்கு இன்றைக்கும் மனசில் நிற்கிறது.

அட்டையை எடுத்துக்கொண்டு மறுநாள் பொலிஸுக்குப் போனேன். அதில் தொடக்கத் திகதி ஜூலை என்று தெளிவாக இருந்தது. அதாவது மறித்த அன்றைக்கு எனக்கு இன்சூரன்ஸ் இருந்தது, கையில் தாள்தான் இல்லை. பொறுப்பதிகாரி பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டு, காப்புறுதி இல்லாமல் ஓட்டியதாக எழுதாமல் விட்டார். ஒரு நாள் ஹயர் போனது, அவ்வளவுதான்.

உங்கள் விஷயத்திலும் முதலில் பிரிக்க வேண்டியது இதைத்தான். இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டுவது ஒன்று. இருந்தும் அந்த நேரத்தில் காட்ட முடியாமல் போவது இன்னொன்று. முதலாவது பாரதூரமானது. 2017க்கான வரவுசெலவுத் திட்டத்தோடு சில வீதிக் குற்றங்களுக்குத் தண்டம் 25,000 ரூபாய் என்று அறிவித்து, தனியார் பஸ்காரர்கள் வேலைநிறுத்தம்கூடச் செய்தார்களே, அந்தப் பட்டியலில் குடித்துவிட்டு ஓட்டுவதோடு சேர்த்து இதையும் போட்டிருந்தார்கள். அந்த அளவுக்குத்தான் அரசாங்கம் இதைப் பார்க்கிறது.

சரி, வருமான அனுமதிப்பத்திரம் ஏன் போதாது? அதை எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போகும்போது இன்சூரன்ஸும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்பார்கள் என்பது உண்மைதான். அதனால்தான் அது இருந்தால் எல்லாம் இருக்கிறது என்று ஆட்கள் நினைக்கிறார்கள். ஆனால் அவர்கள் பார்ப்பது அன்றைக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று. மார்ச்சில் அனுமதிப்பத்திரம் எடுத்து, இன்சூரன்ஸ் ஜூனில் முடிந்தால், அடுத்த மார்ச் வரைக்கும் கண்ணாடியில் ஸ்டிக்கர் மினுங்கிக்கொண்டே இருக்கும். எங்கள் ஸ்டாண்டில் ஒருவர் இப்படியே எட்டு மாதம் ஓடினார். அவர் ஏமாற்றவில்லை, உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே மாதத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள். முதல் வருஷம் ஏஜன்டிடம் சொன்னால் நாள் கணக்கில் சரிக்கட்டிப் போடலாம். கொஞ்சம் கூடக் குறையக் காசு போகும், தலைவலி போய்விடும்.

போன் படம். கம்பனிகள் இப்போது குறுஞ்செய்தியிலும் ஆப்பிலும் அனுப்புகிறார்கள், சில பொலிஸ்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போகவும் விடுகிறார்கள். அதை நம்பி வண்டியை எடுக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. ரம்பொடைப் பக்கம் சிக்னல் இல்லாத வளைவில் ஆப் திறக்காது. மழையில் நனைந்த போனை அதிகாரியின் கையில் கொடுத்துவிட்டு நிற்பதும் நல்லதில்லை. அசல் அட்டை வண்டியில் இருக்கட்டும். படம் வேறு வேலைக்கு உதவும்: அதில் பொலிஸி இலக்கம் இருக்கிறது, கம்பனிக்கு எடுத்துக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். மறித்த இடத்திலேயே பணிவாக, "சேர், இந்த நம்பருக்கு எடுத்துக் கேட்டுப் பாருங்கள்" என்று சொல்லி ஒருவர் தப்பியதை நான் பார்த்திருக்கிறேன். பணிவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

அட்டை கையில் இருந்தும் பிரயோசனம் இல்லாமல் போகிற இரண்டு சந்தர்ப்பங்கள் உண்டு. எங்கள் பக்கத்தில் இவை நிறைய.

ஒன்று, பாவனை. அட்டையிலோ பொலிஸியிலோ அந்த வாகனம் எதற்கு என்று எழுதியிருக்கும், சொந்தப் பாவனையா வாடகைக்கா என்று. வாடகைக்கு ஓடுகிற வண்டிக்குப் பிரீமியம் கூட. அதனால் சொந்தப் பாவனை என்று போட்டுவிட்டு, காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் பின்னேரம் ஆஸ்பத்திரி ஹயருக்கும் ஓடுகிறார்கள். மறிக்கிற பொலிஸ்காரர் திகதியை மட்டும் பார்த்துவிட்டு விடலாம். விபத்து நடந்தால் கம்பனிக்காரர் முதலில் கேட்பது பின் சீற்றில் இருந்தவர் யார் என்றுதான். காயப்பட்ட மூன்றாம் ஆளுக்குக் கம்பனி கொடுக்க வேண்டி வந்தாலும், பிறகு அந்தக் காசை உங்களிடம் திருப்பிக் கேட்க அவர்களுக்கு வழி இருக்கிறது.

மற்றது 'ஓபன் பேப்பர்'. பழைய வண்டி வாங்கும்போது விற்றவரிடம் மாற்றப் பத்திரங்களில் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே வருஷக்கணக்கில் ஓடுவது. வண்டியோடு முன்னவரின் இன்சூரன்ஸும் சேர்ந்து வருகிறது என்று நினைப்பு. அப்படி வராது. அந்த ஒப்பந்தம் கம்பனிக்கும் அவருக்கும் இடையில். வண்டி கை மாறினால் கம்பனிக்குச் சொல்லி உங்கள் பெயரில் போட வேண்டும். என் முதல் ஓட்டோவையும் நான் அப்படித்தான் வாங்கினேன், ஒன்றரை வருஷம் ஒன்றும் நடக்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அட்டையை எடுத்துத் தொடக்கத் திகதியைப் பாருங்கள், சிலதில் நேரமும் போட்டிருக்கும். மறித்த நேரத்துக்கு முன்னால் தொடங்கியிருந்தால் அசலையும் இரண்டு பிரதியையும் எடுத்துக்கொண்டு தாள் எழுதிய பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். போகும் முன் கம்பனியிடம், இன்ன இலக்க வாகனத்துக்கு இன்ன திகதி தொடக்கம் இன்ன திகதி வரை காப்புறுதி இருக்கிறது என்று கடிதம் ஒன்று வாங்குங்கள், கடிதத் தலைப்போடும் முத்திரையோடும். ஏற்கெனவே நீதவான் நீதிமன்றத்துக்குப் போட்டுவிட்டார்கள் என்றால் அந்தக் கடிதத்தோடு ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கள். அன்றைக்கு வரிசையில் நிற்கும் முக்கால்வாசிப் பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிட்டு வேலைக்கு ஓடவே பார்ப்பார்கள், அதைப் பார்த்து நீங்களும் தலையாட்ட வேண்டாம். இன்சூரன்ஸ் இருந்தும் இல்லை என்று ஒப்புக்கொண்டால் அது உங்கள் பெயரில் நிற்கும்.

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதினால், எழுதியதைத் தமிழில் வாசித்துச் சொல்லும்படி கேளுங்கள். தமிழும் அரச கரும மொழிதான். புரியாததற்குக் கையெழுத்து வைக்காதீர்கள்.

மறித்த பிறகு அவசரமாகப் போய் அன்று பின்னேரமே எடுத்த இன்சூரன்ஸ் என்றால் அது காலை நடந்ததற்கு உதவாது. அப்படியானால் வேறு வழி தேடாமல் வழக்குக்குப் போய் முடித்துக்கொள்வதுதான் நல்லது.

கேள்வியில் தொடக்கத் திகதியை நீங்கள் எழுதவில்லை. அட்டையைப் பார்த்துவிட்டு அதையும், வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.