பிள்ளையும் சாட்சியும்

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் கணவரும் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். சி.எஸ்.ஐ. சபை. தத்தெடுக்கப் பதிவுசெய்து மூன்று ஆண்டுக்கு மேல் காத்திருந்தோம். அடுத்த வாரம் நான்கு மாதப் பெண் குழந்தை வீட்டுக்கு வருகிறாள். பெற்றவள் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்த பிள்ளை. தத்து உத்தரவு வரும்வரை வளர்ப்புப் பராமரிப்பு என்றுதான் கையெழுத்து வாங்குகிறார்கள். அதற்கு முன்பே ஞானஸ்நானம் கொடுக்கலாமா? வியாசர்பாடியில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் மாமியார், குழந்தை ஞானஸ்நானமே செல்லாது, குழந்தையைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுக்கும் பிரதிஷ்டை ஜெபம் போதும் என்கிறார். "யாருடைய இரத்தமோ" என்று கணவரின் சித்தப்பா முணுமுணுக்கிறார். முதல் ஞாயிறே குழந்தையோடு முன்னால் வந்து, கர்த்தர் செய்த நன்மையைச் சபையாரிடம் சாட்சியாகச் சொல்லும்படி ஆயர் கேட்டிருக்கிறார். "பெற்றவள் வேண்டாம் என்று எறிந்த பிள்ளையைக் கர்த்தர் எங்கள் மடியில் வைத்தார்" என்று தொடங்கிக் கணவர் இரண்டு பக்கம் எழுதிவிட்டார். படித்துக்காட்டியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மிகுந்த சந்தோஷம். உங்கள் பேட்டையின் பெயரை மாற்றி, வேறு சில விவரங்களையும் நீக்கிவிட்டுத்தான் கடிதத்தை வெளியிடுகிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

ஞானஸ்நானத்தை உத்தரவு வரும்வரை தள்ளிவையுங்கள். முன்பு நீதிமன்றம் தந்த உத்தரவை 2022 முதல் மாவட்ட ஆட்சியர் தருகிறார். விண்ணப்பம் சேர்ந்து இரண்டு மாதத்துக்குள் முடிக்கவேண்டும் என்பது சட்டம்; கொஞ்சம் இழுத்தாலும் பதற வேண்டாம். சபைப் பதிவேட்டில் பெற்றோர் பெயர் அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே தடவையில் ஏறட்டும். மாமியார் தொடங்கியிருக்கும் சண்டை 1525இல் சூரிச்சிலேயே மூண்டது. ஐந்நூறு ஆண்டாகத் தீராதது உங்கள் வீட்டுக் கூடத்தில் தீரப்போவதில்லை. அவரையும் ஜெபிக்கச் சொல்லி, காப்பி கொடுத்து அனுப்புங்கள். சித்தப்பாவுக்கு மத்தேயு முதல் அதிகாரம். ஆபிரகாமில் தொடங்கிப் பெயர் பெயராக இறங்கிவரும் இயேசுவின் வம்ச வரலாறு, அவரைப் பெறாமல் வளர்த்த யோசேப்பில் வந்து நிற்கிறது. இரத்தம் பேசுகிறவர் அதைப் படித்துவிட்டு வரட்டும்.

இனி அந்த இரண்டு பக்கத்துக்கு வருகிறேன். நெடுநாளாக எழுத நினைத்துக்கொண்டிருந்ததை உங்கள் கணவர் கிளறிவிட்டார்.

எறிந்த பிள்ளை என்று அவருக்கு யார் சொன்னது? ஒப்படைத்தாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒப்படைப்பது எப்படி நடக்கிறது தெரியுமா? அந்தப் பெண் குழந்தையோடு குழுவின் முன்னால் போய் உட்காரவேண்டும். வளர்க்க வழியே இல்லையா, யோசித்துப் பார் என்று அவளிடம் பேசுவார்கள். பிறகு பத்திரத்தில் கையெழுத்து. அதற்குப் பிறகும் மனம் மாறித் திரும்பி வர சட்டம் அவளுக்கு 60 நாள் தருகிறது. பால் கட்டிய மார்போடு அந்த அறுபது நாளையும் அவள் எங்கோ கழித்திருக்கிறாள். எறிகிறவள் இத்தனை படி ஏறமாட்டாள். மோசேயின் தாய் நாணற்பெட்டிக்குப் பிசினும் கீலும் பூசிப் பிள்ளையை ஆற்றோரம் வைத்தாளே, அவளை எறிந்தவள் என்று எந்தப் போதகராவது பிரசங்கம் செய்து கேட்டிருக்கிறீர்களா? அவளுக்கு மட்டும் விசுவாச வீராங்கனைப் பட்டம். இந்த ஊர்ப் பெண் செய்தால் எறிதலா? இதைக் கேட்டு உங்களுக்கு அழுகை வேறு வந்ததாம்!

ராயபுரத்தில் என் பெரியம்மா ஒரு பெண்ணை வளர்த்தார். எனக்கு அக்கா. எழுபதுகளில் கிறிஸ்தவர்களுக்குத் தத்துச் சட்டம் கிடையாது. இந்துக்களுக்கு 1956இலேயே வந்துவிட்டது. நமக்கு 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம்தான் கதி. பள்ளிப் பதிவேட்டில் பெரியம்மா 'பாதுகாவலர்'. பிள்ளை மேஜர் ஆனதும் சட்டத்தின் கண்ணில் அந்த உறவும் முடிந்தது. 2000இல் வந்த சிறார் நீதிச் சட்டம்தான் எல்லா மதத்தாருக்கும் கதவைத் திறந்தது. பெற்ற பிள்ளைக்குரிய உரிமை எல்லாம் தத்துப் பிள்ளைக்கும் உண்டு என்று 2006 திருத்தம் தெளிவாக எழுதியது. காகிதம் தராத உறவைப் பெரியம்மா வாயால் கட்டிக்காத்தார் என்றுகூடச் சொல்லலாம். ஆண்டுதோறும் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எழுந்து நின்று, இவள் எங்கே கிடந்தாள், எந்தத் துணியில் சுற்றியிருந்தது, எறும்பு எங்கே கடித்திருந்தது என்று சாட்சி சொல்வார். சபை முழுவதும் திரும்பி அக்காவைப் பார்க்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அவள் விரல்கள் மட்டும் தெரியும். காணிக்கை உறையை மடிப்பாள், மறுபடி மடிப்பாள், புளியங்கொட்டை அளவுக்கு வந்த பிறகும் மடிக்கப் பார்ப்பாள்.

பெரியம்மா கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அக்காவின் நர்சிங் படிப்புக்காகக் கை வளையலைக் கழற்றிக் கொடுத்தவர். அந்தக் கை கடைசிவரை வெறும் கைதான். ஆனால் பள்ளியில் சண்டை வந்தபோது ஒருத்தி கத்தியது அந்தச் சாட்சியைத்தான். பெண் பார்க்க வந்தவர்கள் முன்கூட்டியே கேட்டுவிட்டு வந்ததும் அதைத்தான். "எனக்கு அம்மா மேல் கோபம் இல்லை. ஆனால் என் கதையை நான் முதல் ஆளாக யாரிடமும் சொன்னதே இல்லை" என்று அக்கா ஒரு நாள் சொன்னாள். அப்போது அவளுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது.

மறைக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மகளிடம் மறைத்தால் அது இன்னும் பெரிய அநியாயம். குளிப்பாட்டும்போதே சொல்லத் தொடங்குங்கள்: ஒரு அம்மா உன்னைப் பெற்றாள், நாங்கள் உனக்காகக் காத்திருந்தோம். அவளுக்குப் புரியாது, உங்கள் நாக்குக்குப் பழகும். காகிதங்களை ஒரு கோப்பில் போட்டு பீரோவில் வையுங்கள். 18 வயதான பிறகு தன் வேரைத் தேட அவளே விண்ணப்பிக்கலாம், விதிமுறையில் இடமுண்டு. பெற்றோருக்கும் மகளுக்கும் தெரிந்தால் போதும். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் அவள் எங்கிருந்து வந்தாள் என்பது எதற்கு? ஜெபக் குறிப்பு என்ற பெயரில் எத்தனை வம்பு நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாததா?

ஆயரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். "எங்கள் மகள் வந்திருக்கிறாள், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று இருந்த இடத்திலேயே எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். அதுவும் முதல் ஞாயிறே வேண்டாம். நான்கு மாதத்தில் அவள் எத்தனை கை மாறியிருக்கிறாள்! ஆராதனை முடிந்து வாசலில் நாற்பது பேர் வாங்கிக் கொஞ்சினால் தாங்கமாட்டாள். சில வாரங்களுக்கு உங்கள் இருவர் வாசனை மட்டும் அவளுக்குப் பழகட்டும். உதவ நினைக்கும் சபையார் சாப்பாடு கொண்டுவந்து வாசலில் கொடுக்கட்டும்.

குழந்தையை வாங்கப் போகும்போது, எந்தப் பால், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று ஆயாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவள் படுத்திருந்த துணி ஒன்றைத் துவைக்காமல் தரச் சொல்லுங்கள். டாக்டரைக் கேட்காமல் பாலை மாற்ற வேண்டாம். மாமியார் வசம்போடு வருவார். நாக்கில் வைக்க விடாதீர்கள். கோபித்துக்கொண்டால் நான்தான் தடுத்தேன் என்று பழியை என்மேல் போட்டுவிடுங்கள். அவருக்கு என்னைத் தெரியாது.