இணையப் பாடத்தில் மிஞ்சியது என்ன? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கல்லூரியில் இணையதள வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற தாளை எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு பார்த்தால், அங்கே கற்றவற்றில் பெரும்பாலானவை புழக்கத்திலேயே இல்லை. அந்தப் பருவம் வீண்தானா?
– பட்டதாரி வாசகி, விருதுநகர்

பதில்: வீணில்லை என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் எது காலாவதியானது, எது மிஞ்சியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2002இல் நோட்பேடில் தட்டச்சு செய்து இதே பாடத்தைப் படித்தவன் நான். பக்கத்தைப் பகுக்க டேபிள், எழுத்துக்கு நிறமேற்ற ஃபான்ட் டேக் (உலாவிக்குக் கட்டளையிடும் குறிச்சொல்), அறிவிப்பை ஓடவிட மார்க்கீ என்று நாங்கள் மனப்பாடம் செய்தவற்றை இன்று யாரும் புதிதாக எழுதுவதில்லை. பக்கத்தில் அசைபடம் காட்ட உதவிய ஃபிளாஷ் மென்பொருளைத் தனியாகப் பணம் கட்டிக் கற்ற நண்பர்களும் உண்டு. 2020 டிசம்பர் 31உடன் அதற்கான ஆதரவை அடோபி நிறுவனம் நிறுத்திவிட்டது.

மிஞ்சியது ஒரு செய்முறை வகுப்பு. நாங்கள் பார்த்துப் பார்த்து அலங்கரித்திருந்த பக்கங்களிலிருந்து நிறம், படம், எழுத்துரு அனைத்தையும் நீக்கிவிட்டு, எஞ்சியதை மேலிருந்து கீழாக உரக்கப் படிக்கும்படி எங்கள் விரிவுரையாளர் கூறினார். என் பக்கத்தில் முதலில் வந்தது இடப்பக்கப் பட்டியல், அடுத்து வருகையாளர் எண்ணிக்கை, அதற்கடுத்து ஒரு தேதி. தலைப்பைக் காணவில்லை, அதை நான் படமாக வைத்திருந்தேன், படத்தோடு அதுவும் போய்விட்டது. பக்கம் சொல்லும் செய்தி வேறு, அதன் தோற்றம் வேறு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

வலையை (வேர்ல்டு வைடு வெப்) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ அமைத்த முதல் இணையதளம் தலைப்பும் பத்தியும் இணைப்பும் மட்டுமே கொண்டது. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் பாதுகாத்து வரும் அதன் 1992ஆம் ஆண்டுப் படியை இன்றைய கைப்பேசியில் திறந்தாலும் சிரமமின்றிப் படிக்கலாம். தோற்றத்தைத் தனியே எழுதிக்கொள்ளலாம் என்று ஹோகோன் வியூம் லீ என்ற கணினி வல்லுநர் 1994இல் முன்வைத்த யோசனைதான், பக்கத்தின் தோற்றத்தை விவரிக்கும் மொழியான சிஎஸ்எஸ் என்ற தரமாக 1996இல் வெளிவந்தது. நீங்கள் இன்று பரவலாகப் பயன்படும் ரியாக்ட் என்ற நிரல் தொகுப்பில் எழுதினாலும் வேறெதில் எழுதினாலும், கடைசியில் உலாவியிடம் போய்ச் சேர்வது அதே தலைப்பும் பத்தியும் பொத்தானும்தான். அந்த அளவில் உங்கள் தாள் இன்னும் நடப்பில் இருக்கிறது.

கேள்வி: வடிவமைப்புப் பயிற்சியில் நிறத் தேர்வு சரியில்லை என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். ரசனைக்கு அளவுகோல் உண்டா?
– மாணவர், தஞ்சாவூர்

பதில்: ரசனைக்கு இல்லை, படிக்க முடிகிறதா என்பதற்கு உண்டு. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு, சாதாரண அளவு எழுத்துகளுக்குக் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்துவதற்காக 2008இல் வெளியான அணுகல்தன்மை வழிகாட்டி வரையறுக்கிறது. வெள்ளைப் பின்னணியில் 777777 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் நிறம் 4.48:1இல் நூலிழையில் தவறுகிறது. அதைவிடச் சற்றே அடர்ந்த 767676 தேறிவிடுகிறது. அடுத்த முறை இந்தக் கணக்கைப் போட்டு உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: தமிழ்த் தளம் அமைப்பவர்களுக்குக் கல்லூரிப் பாடம் சொல்லித்தராதது எது?
– வாசகர், மதுரை

பதில்: எழுத்தை எண்ணுவது. இறுதியாண்டுத் திட்டப்பணியாக ஒரு நூலகத்துக்கு உறுப்பினர் பதிவுப் படிவம் செய்தேன். தமிழ்ப் பெயருக்கு 12 எழுத்து தாராளம் என்று கருதி, பெயர்க் கட்டத்துக்கு அந்த வரம்பை வைத்தேன். ‘கிருஷ்ணமூர்த்தி’ என்று பதிய வந்த பெரியவரின் பெயர் ‘கிருஷ்ணமூர்த’ என்று நின்றுவிட்டது. தம் பெயரைத் தாமே பிழையாக எழுதிவிட்டதாக நினைத்து, அவர் அழித்து அழித்து மறுபடியும் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அந்தக் காட்சி இன்றும் என்னை வருத்துகிறது.

நம் கணக்கில் அது 8 எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் வழங்கும் யூனிகோடு முறையிலோ ‘ி’, ‘ூ’ போன்ற குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் 15 குறியீடுகள். ‘தமிழ்’ என்ற 3 எழுத்துச் சொல்லே 5 குறியீடுகள். அதே சொல்லை யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் வைத்தால் 15 பைட்டுகள். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துப் பயிற்சி செய்பவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படவே படாது. செய்முறைத் தேர்வில் ஒரு படிவத்தையாவது தமிழ்ப் பெயர்களால் நிரப்பிச் சோதிக்கச் செய்ய வேண்டும் என்று பாடத்திட்டம் வகுப்போரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவே பக்கத்தை எழுதித் தரும்போது, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லைக் கற்கத்தான் வேண்டுமா?
– மாணவி, கோயம்புத்தூர்

பதில்: கட்டாயம் கற்க வேண்டும், அது எழுதித் தந்ததைத் திருத்துவதற்காகவாவது. அண்மையில் அப்படிப் பெற்ற ஒரு பக்கத்தில் ‘அனுப்பு’ என்ற பொத்தான் அழகாகவே இருந்தது. ஆனால் அது பட்டன் டேக்கால் ஆனதன்று. பக்கத்தைப் பகுதி பிரிக்க மட்டுமே உதவும் வெறும் டிவ் டேக்குக்குப் பொத்தான் வேடமிட்டிருந்தது. மவுஸால் சொடுக்கினால் வேலை செய்தது. விசைப்பலகையை மட்டும் நம்பியிருக்கும் ஒருவரால் டேப் விசையை அழுத்தி அதை எட்டவே முடியாது. உங்கள் பக்கத்தையும் இன்றே சோதித்துப் பாருங்கள்: மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் அழுத்தி அழுத்தி ‘அனுப்பு’ வரை போய்ச்சேர முடிகிறதா என்று.