டக்ட் சுத்தம்: கேட்டதும் சொன்னதும்

சென்னைப் பக்கம் அலுவலகங்கள், ஹோட்டல்கள், மருத்துவமனைகளில் ஏசி டக்டும் (குளிர்காற்று போகும் தகட்டுக் குழாய்) கிச்சன் எக்ஸாஸ்டும் (அடுப்புப் புகையை வெளியேற்றும் குழாய்) சுத்தம் செய்வது என் தொழில். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

சார், எங்கள் ஆபீஸ் நான்கு மாடி. வருஷா வருஷம் டக்ட் சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்று ஒரு கம்பெனி கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. அவசியமா?

வருஷா வருஷம் திறந்து பார்ப்பது அவசியம். சுத்தம் செய்வதா வேண்டாமா என்பது பார்த்த பிறகுதான். டக்டில் உள்ளே பார்க்க வைத்திருக்கும் சிறு கதவான அக்சஸ் டோரைத் திறந்து டார்ச் அடியுங்கள். ஜிஐ தகட்டில் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) பூப்பூவாகத் தெரியுமே, அந்தத் துத்தநாகப் படிவம் லேசான தூசுக்கு அடியிலும் தெரிகிறதா? அப்படியானால் கொட்டேஷனை ஓரமாக வையுங்கள். தூசு கம்பளி மாதிரி படிந்து, விரலால் இழுத்தால் சுருண்டு வருகிறதா? அப்போது கூப்பிடுங்கள். அதற்கும் முன்னால் ஏஎச்யு (காற்றைக் குளிர்வித்து டக்டுக்குள் தள்ளும் மெஷின்) ரூமுக்குப் போய் ஃபில்டர், குளிர்விக்கும் காயில், அதிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்கும் டிரெயின் டிரே மூன்றையும் பாருங்கள். ஃபில்டர் சட்டத்தில் இடுக்கு விட்டிருந்தால், இன்று சுத்தம் செய்த டக்ட் சீக்கிரமே பழையபடி ஆகிவிடும்.

டிஃப்யூசரை (சீலிங்கில் ஏசி காற்று வெளியே வரும் வாய்) சுற்றி சீலிங் கறுப்பாகிறது. டக்டிலிருந்து வரும் அழுக்குதானே?

பெரும்பாலும் இல்லை. வேகமாக வெளியே வரும் காற்று அறைக் காற்றையும் கூடவே இழுக்கிறது. அதிலுள்ள தூசுதான் சீலிங்கில் ஒட்டுகிறது. டிஃப்யூசரைக் கழற்றிக் கழுத்துப் பகுதியின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். உள்ளே சுத்தமாக இருந்தால் டக்ட் குற்றவாளி இல்லை. ஒருவேளை அங்கே ஈரம் தட்டினால் இன்சுலேஷன் கிழிந்திருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் குளிர்ந்த தகடு வியர்க்கத்தான் செய்யும், பூஞ்சையும் பிடிக்கும். இன்சுலேஷனைச் சரி செய்யாமல் சுத்தம் செய்வது வீண் செலவு.

அண்ணே, எங்களுடையது ஹோட்டல். பரோட்டா கல், கரி தந்தூர் இரண்டும் உண்டு. அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் ஹூடின் ஃபில்டரை ராத்திரி ராத்திரி கழுவுகிறோம். போதாதா?

போதாது. இதில் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஏசி டக்டில் தூசு என்றால் தொந்தரவு. கிச்சன் டக்டில் எண்ணெய்ப் பிசுக்கு என்றால் தீ. தந்தூரிலிருந்து ஒரு பொறி ஃபில்டரைத் தாண்டினால் போதும், டக்ட் வழியாக மொட்டைமாடி வரை எரியும். அமெரிக்காவின் தீத்தடுப்புச் சங்கமான என்எஃப்பிஏவின் 96-ஆம் தரநிலை, கரி, விறகு அடுப்பு இருந்தால் மாதாமாதமும், 24 மணி நேரச் சமையலுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறையும் சோதிக்கச் சொல்கிறது.

சுத்தம் செய்ய வருபவர்கள் ஹூடுக்குள் கை எட்டுகிற தூரம் தேய்த்துவிட்டு பில் கொடுப்பது இந்தத் தொழிலில் சகஜம். பிசுக்கு தங்குவது படுக்கைவாட்டில் போகும் டக்டின் அடியிலும், வளைவிலும், மேலே ஃபேன் இறக்கையிலும். அந்த மூன்று இடத்தின் படம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். வளைவுக்கு அருகே அக்சஸ் டோர் இல்லையென்றால் முதலில் அதை வெட்டி வைக்கச் சொல்லுங்கள். சுரண்டி எடுத்து, டிகிரீஸர் போட்டு, வெந்நீர் அடித்த பிறகு வெறும் தகடு தெரிய வேண்டும்.

வேலைக்கு வருபவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எதை மாட்டுகிறார்கள் என்று பாருங்கள். ஹெப்பா ஃபில்டர் (மிக நுண்ணிய தூசையும் பிடிப்பது) வைத்த உறிஞ்சும் மெஷினை டக்டில் பொருத்தி, டிஃப்யூசர்களையெல்லாம் மூடிவிட்டுத்தான் சுழல் பிரஷ்ஷோ, அழுத்தக் காற்றில் துள்ளித் தூசைத் தட்டும் காற்றுச் சாட்டையோ உள்ளே போக வேண்டும். உறிஞ்சல் இல்லாமல் பிரஷ்ஷை மட்டும் விட்டால், டக்டில் இருந்த தூசு மறுநாள் உங்கள் கீபோர்டில் இருக்கும்.

கிருமிநாசினிப் புகை மட்டும் அடித்தால்?

அழுக்கின் மேல் சென்ட் அடித்த கதை. டக்டின் உள்ளே ஒட்டிய ஃபைபர்கிளாஸ் இன்சுலேஷன் நனைந்து பூஞ்சை பிடித்திருந்தால் சுத்தம் செய்தும் பயனில்லை. வெட்டி எடுத்துப் புதிதுதான் போட வேண்டும்.

ஊழியர்களுக்குத் தும்மல் ஓயவில்லை. திங்கட்கிழமை காலையில் ஒரு வாடையும் வருகிறது. டக்ட் சுத்தம் செய்தால் போய்விடுமா?

தும்மல் போகும் என்று வாக்குக் கொடுப்பவரை நம்பாதீர்கள். டக்ட் சுத்தம் செய்வதால் நோய் தடுக்கப்படுகிறது என்று நிரூபணமாகவில்லை என்றே அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொல்கிறது. வாடைக்கு டிரெயின் டிரேயைப் பாருங்கள். குழாயில் தண்ணீர் தேங்கும் வளைவு இல்லாவிட்டால் ஃபேனின் இழுப்பில் தண்ணீர் வெளியே போகாமல் டிரேயிலேயே கிடக்கும். வளைவு இருந்தும் வறண்டிருந்தால் சாக்கடை வாடையை உள்ளே இழுக்கும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சில சமயம் அதோடு தீர்ந்துவிடும்.

கரண்ட் போனால் ஆபீஸ் முழுக்க டீசல் நாற்றம்.

ஜெனரேட்டர் புகைக்குழாய்க்குப் பக்கத்தில், வெளிக்காற்றை ஏசிக்குள் இழுக்கும் ஃப்ரெஷ் ஏர் வாயில் இருக்கும். எது சுலபமோ அதை இடம் மாற்றுங்கள். அப்புறம், போகி அன்று விடியற்காலையில் அந்த வாயிலின் டேம்பரை (காற்றை அடைக்கும் மடல்) மூடி வைத்தால் ஃபில்டர் பிழைக்கும்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

தம்பி, ஏஎச்யுவின் கரண்டைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் சுவிட்சை ஆஃப் செய்து பூட்டிச் சாவியை உங்கள் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் உள்ளே கை வைக்க வேண்டும். ஃபயர் டேம்பர் (தீப்பிடித்தால் டக்டை அடைக்கும் மடல்) வரும் இடத்தில் பிரஷ்ஷை நிறுத்துங்கள். அதைத் திறந்தபடி பிடித்திருக்கும், சூட்டில் உருகும் சின்ன இணைப்பு பிரஷ் பட்டால் அறுந்துவிடும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு டேம்பரும் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒன்று மூடிக் கிடந்தாலும், மறுநாள் காலை பாதி மாடிக்குக் காற்று வரவில்லை என்று உங்களுக்குத்தான் போன் வரும்.