ஜே-1, எச்-1பி டாக்டர்களுக்கு அமெரிக்க டாக்ஸ்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

நான் சிபிஏ (அமெரிக்க ஆடிட்டர்) கிடையாது. ஜே-1ல (ட்ரெயினிங்குக்கு வர்ற விசா; எச்-1பி வேலை விசா) இன்டர்னல் மெடிசின் ட்ரெயினிங் முடிச்சு இப்ப அட்டெண்டிங்கா (சீனியர் டாக்டரா) இருக்கேன், வருஷா வருஷம் மார்ச் வந்தா ஜூனியர் பசங்க டபிள்யூ-2வ (வருஷ சம்பளம், புடிச்ச வரி காட்டற ஃபார்ம்) தூக்கிட்டு வந்துடுவாங்க, பாத்துப் பாத்துப் பழகினதுதான். ஹாஸ்பிட்டல்ல நீங்க ரெசிடென்ட் (ட்ரெயினிங் டாக்டர்), ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) கணக்குல நான்-ரெசிடென்ட் (இங்க குடியிருக்காதவர்). குழப்பமே இந்த ஒரு வார்த்தைலதான் ஆரம்பிக்குது.

கேள்வி: அக்கா, 2024 ஜூன்ல ஜே-1ல வந்தேன். கூட இருக்கற எச்-1பி பையனுக்கு ஃபிகா (சம்பளத்துல புடிக்கற சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி) புடிக்கறாங்க, எனக்குப் புடிக்கல. பின்னாடி மொத்தமா கேப்பாங்களா?

பதில்: கேக்க மாட்டாங்க, பயப்படாதீங்க. ஜே-1 டாக்டருக்கு மொத ரெண்டு காலண்டர் வருஷம் ரெசிடென்ட்டான்னு பாக்கற 183 நாள் கணக்குல சேராது, ஜூன்ல வந்தாலும் 2024 ஒரு முழு வருஷம்னுதான் எண்ணுவாங்க. ஆக 2024, 2025 நான்-ரெசிடென்ட், ஃபிகா இல்ல. 2026 ஜனவரி 1ல இருந்து மீட்டர் ஓடும், 183 நாள் தாண்டினா ஜனவரில இருந்தே ரெசிடென்ட். சோஷியல் செக்யூரிட்டி 6.2, மெடிகேர் 1.45, மொத்தம் 7.65 சதவீதம். 65,000 டாலர் சம்பளம்னா மாசம் 414 டாலர் கிட்ட போயிடும், புது வீட்டுக்கு லீஸ் போடறதுக்கு முன்னாடி இத நினைச்சுக்கங்க. பேரோல்ல தானா மாத்துவாங்கன்னு இருக்காம டிசம்பர்லயே மெயில் தட்டிடுங்க.

கேள்வி: நான் 2022, 23ல எஃப்-1 ஸ்டூடண்ட் விசால எம்பிஎச் (பப்ளிக் ஹெல்த்) படிச்சுட்டு ஊருக்குப் போயிட்டேன். 2025 ஜூன்ல ஜே-1. எனக்கும் ரெண்டு வருஷம் உண்டா?

பதில்: இல்லப்பா. போன 6 வருஷத்துல அந்த ரெண்டையும் எஃப்-1லயே செலவு பண்ணிட்டீங்க. ஜூன்ல வந்து டிசம்பர் வரைக்கும் இங்கயே இருந்தா 183 தாண்டிடும், மொத சம்பளத்துலயே ஃபிகா உண்டு. நிறைய பேர் கோட்டை விடற இடம் இது.

கேள்வி: எங்க ஹாஸ்பிட்டல் ஜே-1ன்னு தெரிஞ்சும் இன்டர்ன் வருஷமே ஃபிகா புடிச்சுட்டாங்க. நாம படிக்கறவங்கதானே மேடம்?

பதில்: அந்த வாதம் செல்லாது, ரெசிடென்ட்டுங்க ஸ்டூடண்ட் இல்லன்னு மேயோ கேஸ்ல 2011லயே சுப்ரீம் கோர்ட் முடிச்சு வெச்சாச்சு. ஆனா நான்-ரெசிடென்ட் ஜே-1ங்கற காரணம் செல்லும். எனக்கும் இதே கதைதான், டபிள்யூ-2ல ஃபிகா காட்டற பாக்ஸ் 4லயும் 6லயும் பூஜ்ஜியம் இருக்க வேண்டிய இடத்துல தொகை நிக்குது, பேரோல்ல இருந்தவங்க "எல்லாருக்கும் அப்படித்தான்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. டிஎஸ்-2019 (ஜே-1 சான்று), ஐ-94 (நாட்டுக்குள்ள வந்த பதிவு) ரெண்டையும் வெச்சு மறுபடி எழுத்துல கேட்டேன், திருத்தின டபிள்யூ-2 வந்துச்சு, பணமும் வந்துச்சு. அவங்க குடுக்கலன்னா ரீஃபண்ட் கேக்கற ஃபார்ம் 843, கூட 8316, ரெண்டையும் ஐஆர்எஸ்க்கு அனுப்பணும், மூணு வருஷத்துக்குள்ள.

கேள்வி: நானும் வைஃபும் 2025 ஜூன் 10 வந்தோம், நான் எச்-1பி, வைஃப் எச்-4 (குடும்ப விசா). ரிட்டர்ன் ஜாயின்ட்டா போடலாமா?

பதில்: போடலாம். எச்-1பிக்கு சலுகை நாளே கிடையாது, டிசம்பர் 31 வரைக்கும் எண்ணினா 205 நாள், சும்மா விட்டா டூயல் ஸ்டேட்டஸ் (பாதி வருஷம் நான்-ரெசிடென்ட், மீதி ரெசிடென்ட்), வருமானத்துல நேரா கழிக்கற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடையாது. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு முழு வருஷ ரெசிடென்ட்டா எடுத்துக்கறோம்னு தேர்வு பண்ணினா அது கிடைக்கும். ஆனா ஜனவரில இருந்து மே வரைக்கும் ஊர்ல வாங்கின சம்பளத்தையும் காட்டணும், அங்க கட்டின வரிக்கு கிரெடிட் உண்டு. வைஃபுக்கு ஐடிஐஎன் (வரி நம்பர்) வேணும், அதுக்கு டபிள்யூ-7 ஃபார்ம் சேத்து வைங்க.

கேள்வி: மொத வருஷம் ஜே-1, தெரியாம டர்போடாக்ஸ் சாஃப்ட்வேர்ல ரெசிடென்ட்டுக்கான 1040 போட்டுட்டேன், ரீஃபண்டும் வந்துருச்சு 😬

பதில்: டர்போடாக்ஸ்ல 1040-என்ஆர் (நான்-ரெசிடென்ட் ரிட்டர்ன்) கிடையாது, அதனாலதான் வருஷத்துக்கு நாலு பேராவது இப்படி வராங்க. 1040-எக்ஸ் (திருத்த ரிட்டர்ன்) போட்டு சரியான 1040-என்ஆர் இணைங்க, வாங்கின எக்ஸ்ட்ரா பணத்தைத் திருப்பிக் கட்டுங்க. அவங்க லெட்டர் வர்றதுக்கு முன்னாடி நீங்களே பண்றதுதான் புத்தி. இந்தியா-அமெரிக்கா வரி ட்ரீட்டில (ஒப்பந்தத்துல) ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் உண்டேன்னு அடுத்து கேப்பீங்க, அது ஸ்டூடண்டுக்கும் பிசினஸ் அப்ரென்டிஸுக்கும் போட்டது. நான் எடுக்கல.

கேள்வி: அப்பா என் பேர்ல என்ஆர்ஈ (வெளிநாட்டு இந்தியருக்கான கணக்கு) எஃப்டி போட்டு வெச்சிருக்காரு, ஊர்ல வரி இல்ல. இங்க?

பதில்: ரெசிடென்ட் ஆன வருஷத்துல இருந்து வட்டிக்கு இங்க வரி உண்டு. வெளிநாட்டு கணக்கெல்லாம் சேத்து ஒரு நாளாவது 10,000 டாலர் தாண்டியிருந்தா எஃப்பார் (வெளிநாட்டு கணக்கு அறிக்கை) தனியா ஃபைல் பண்ணணும், ரிட்டர்னோட போகாது. ஊர்ல மியூச்சுவல் ஃபண்ட் இருந்தா அதுக்கான ஃபார்ம் 8621 தலைவலி வேற, நான்-ரெசிடென்ட்டா இருக்கறப்பவே வித்துடறது நல்லது.

கேள்வி: ஜே-1ல மூன்லைட்டிங் (ட்ரெயினிங்குக்கு வெளிய எக்ஸ்ட்ரா வேலை) பண்ணலாமா?

பதில்: கூடாது. இது டாக்ஸ் விஷயமில்ல, விசாவே போயிடும்.

கேள்வி: ஜே-2ல (ஜே-1 குடும்ப விசா) வைஃப், ஊர்ல பொறந்த ஆறு மாசக் கொழந்தை. வருமானமே இல்லியே, எதாவது போடணுமா?

பதில்: நீங்க நான்-ரெசிடென்ட்டா இருக்கற வரைக்கும் ஆளுக்கு ஒரு ஃபார்ம் 8843 (நாள் கணக்குல சேராதவங்க குடுக்கறது). ஆமா, கொழந்தைக்கும்தான், அதுக்கு பதிலா நீங்க கையெழுத்துப் போடுங்க. வருமானம் இல்லாதவங்களுக்கு ஜூன் 15 வரை டைம். அடுத்தது இங்க பொறந்தா அதுக்கு வேண்டாம், அது சிட்டிசன்!