ஐ.பி.ஏ. வெறும் கசப்பாகத் தெரிகிறதா?

அமெரிக்கா வந்த புதிதில், அலுவலக நண்பர்களோடு போய் ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) என்ற பீர் வகையைக் குடித்ததாகவும், அது கசாயம் போல இருந்ததாகவும், இதில் எதை ரசிக்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஐ.பி.ஏ.வை முதலில் மூக்கால் குடிக்க வேண்டும். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைக் கொதியின் தொடக்கத்திலேயே போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும், மணம் ஆவியோடு போய்விடும். அதனால் மணத்துக்கென்றே கொதி முடியும் நேரத்திலும், நொதித்த பிறகு, கொதிக்கவைக்காமல் ஊறவிடும் டிரை ஹாப் முறையிலும் மறுபடி சேர்க்கிறார்கள். பீர் பனிக்கட்டி போலக் குளிர்ந்திருந்தால் அந்த மணம் எழும்பாது, நாக்குக்குக் கசப்பு மட்டும்தான் மிஞ்சும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். 7 முதல் 10 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்கும். ஃப்ரீசரில் வைத்த கிளாஸ் கொடுத்தால் சாதாரண கிளாஸ் கேளுங்கள்.

முதலிலேயே ஹாப்ஸும் ஆல்கஹாலும் கூடிய டபுள், இம்பீரியல் ஐ.பி.ஏ. பக்கம் போகாதீர்கள். அவற்றைவிட மென்மையான பேல் ஏலில் தொடங்குங்கள். கலிஃபோர்னியாவின் சிகோவில் 1980-இல் முதலில் காய்ச்சப்பட்ட சியரா நெவாடா பேல் ஏல் இதற்கு நல்ல பாடம்: 5.6 சதவீத ஆல்கஹால், 38 ஐ.பி.யு. (பீரின் கசப்பை அளக்கும் அலகு) கசப்பு, கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகையின் கிரேப்ஃப்ரூட் தோல் வாசனை, அடியில் மால்ட்டின் (முளைகட்டிய பார்லியின்) லேசான கேரமல் இனிப்பு. இது பிடிபட்ட பிறகு வெஸ்ட் கோஸ்ட் ஐ.பி.ஏ.வுக்குப் போகலாம். அதில் மால்ட் ஒதுங்கி நிற்கும், பைன் பிசின் மணமும் உலர்ந்த முடிவும் முன்னே வரும்.

வாங்கும்போது கேனின் அடியிலோ பாட்டிலிலோ அடைத்த தேதியைப் பாருங்கள். மூன்று மாதம் தாண்டியிருந்தால், அதிலும் குளிரில் வைக்காமல் இருந்திருந்தால், விட்டுவிடுங்கள். ஹாப்ஸ் மணம்தான் முதலில் போகும். பின்னாலேயே ஈர அட்டை வாசனை வரும். பச்சை, நிறமற்ற பாட்டில்களில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புச் சேர்மம் சிதைந்து, ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சுவது போன்ற நாற்றம் கிளம்பும். பழுப்பு பாட்டில் பெருமளவு காக்கும், கேன் முழுதாகவே காக்கும்.

கிளாஸைச் சாய்த்து ஊற்றத் தொடங்கி, பாதி நிறைந்ததும் நிமிர்த்தி, இரண்டு விரல் நுரை நிற்கும்படி ஊற்றுங்கள். குமிழிகள் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டே இருந்தால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை. சுத்தமான கிளாஸில் ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு நுரை வளையம் சுவரில் படிந்துகொண்டே வரும். அதைப் பார்ப்பதே ஒரு சுகம்.

முதல் மிடறை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். முகர்ந்து, வாய் முழுக்கப் பரவவிட்டு, விழுங்கிய பிறகு மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். பழமும் பைனும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். நல்ல ஐ.பி.ஏ.வின் கசப்பு சுத்தமாக எழுந்து மெல்ல அடங்கும். தொண்டையைச் சுரண்டிக்கொண்டே நின்றால் அது காய்ச்சியவரின் குறை. குழாய் பீரில் வெண்ணெய் வாடையோ வினிகர் புளிப்போ அடித்தால் பெரும்பாலும் குழாயைச் சுத்தம் செய்யவில்லை. தயங்காமல் மாற்றிக் கேளுங்கள்.

அளவிலும் கவனம் வேண்டும். 12 அவுன்ஸ், 5 சதவீத பீர்தான் இங்கே ஒரு டிரிங்க் கணக்கு. 7 சதவீத ஐ.பி.ஏ. 16 அவுன்ஸ் கிளாஸில் வந்தால் கிட்டத்தட்ட இரண்டு. குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்பு வருமுன்பே விசா ரத்தாகலாம். காரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். 4 அவுன்ஸ் டேஸ்டராகக் கேட்டால் ஒரே மாலையில் மூன்று வகையை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.