தலை சாய்வது ஒரு பக்கம், முகம் திரும்புவது மறுபக்கம்: கோளாறு எந்தப் பக்கம்?

இரண்டு மாதக் குழந்தைக்குத் தலை வலது தோள் பக்கம் சாய்ந்தும் முகம் இடப்பக்கம் திரும்பியும் இருக்கிறது, டாக்டர் பிறவி டார்டிகாலிஸ் (பிறவியிலேயே கழுத்துத் தசை சுருங்கித் தலை சாய்ந்திருப்பது) என்கிறார், கோளாறு எந்தப் பக்கக் கழுத்தில் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வலது பக்கம். தலை எந்தத் தோளை நோக்கிச் சாய்கிறதோ, அந்தப் பக்கத் தசைதான் சுருங்கியிருக்கிறது.

என் மகளுக்கும் இதேதான் இருந்தது. முகம் இடப்பக்கம் திரும்பியிருந்ததால் கோளாறும் இடப்பக்கம்தான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று கிலுகிலுப்பையைக்கூட இடப்பக்கமே ஆட்டினேன். எவ்வளவு தப்பு என்பதை பிசியோதெரபிஸ்ட் என் கழுத்தை வைத்தே புரியவைத்தார்.

நீங்களும் செய்து பாருங்கள். முகத்தை இடப்பக்கம் நன்றாகத் திருப்புங்கள். வலது காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை கயிறு மாதிரி ஒன்று புடைத்து நிற்கும். அதுதான் ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டு தசை. வலப்பக்கத் தசை இழுத்தால் காது வலது தோளுக்கு இறங்கும், தாடை இடப்பக்கம் போகும். ஒரே தசைக்கு இந்த இரண்டு வேலையும் இருப்பதால்தான் குழப்பம்.

ஆகவே பயிற்சி இதற்கு நேர்மாறாக இருக்கும்: தலையை இடது தோள் பக்கம் சாய்க்க வேண்டும், முகத்தை வலப்பக்கம் திருப்ப வேண்டும். எவ்வளவு அழுத்துவது என்பதை எழுத்தில் சொல்ல முடியாது, பிசியோதெரபிஸ்ட்டின் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் நாங்கள் அதிகம் செய்தது வேறு: பொம்மை, பேச்சு, வெளிச்சம் எல்லாவற்றையும் வலப்பக்கம் மாற்றினோம். விழித்திருக்கும்போது, கண் பார்வையிலேயே வைத்துக்கொண்டு, குப்புறப் போட்டோம். முதல் வாரம் ஒரே அழுகை. அப்புறம் பழகிவிட்டாள்.

தலையின் பின்புறத்தையும் தடவிப் பாருங்கள். முகம் எப்போதும் இடப்பக்கமே இருப்பதால் இடது பின்மண்டை தட்டையாகலாம். சில குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களில் அந்தத் தசையில் சின்னக் கட்டி தட்டுப்படும். எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான். ஸ்கேன் பார்த்து, தசையிலேயே வந்த நார்க்கட்டி, பெரும்பாலும் தானே கரைந்துவிடும் என்றார்கள். அப்படியே ஆனது. இடுப்பு மூட்டையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இதோடு சேர்ந்து இடுப்பு மூட்டுக் குறையும் சிலருக்கு வருவதுண்டு.

சீக்கிரம் ஆரம்பித்தால் பெரும்பாலும் பயிற்சியிலேயே சரியாகிவிடும். அறுவை சிகிச்சை, ஒரு வயதுக்கு மேலும் தசை இளகாத சிலருக்குத்தான்.

ஒன்று, தலை சாய்வதெல்லாம் இதே கோளாறு இல்லை. கண் தசைக் குறையாலும் கழுத்தெலும்புக் குறையாலும் சாயலாம். தசை இறுக்கமே இல்லாமல் தலை சாய்ந்தாலோ, நன்றாக இருந்த குழந்தைக்குத் திடீரென்று சாய்ந்தாலோ, நான் மேலே சொன்ன பக்கக் கணக்கைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள்.