கை இல்லாத வேடத்துக்கு யார்?

கேள்வி: மேடையில் பேர் வாங்கிய இசை நாடகத்தைப் படமாக்கும்போது, அதில் பாடி நடித்தவர்களைக் கழற்றிவிட்டு நட்சத்திரங்களைப் போடுகிறார்கள். ஹாலிவுட்டிலும் இதே கதைதான். நாடகக்காரர்களுக்கு இது துரோகம் இல்லையா? எங்கள் கடற்கரையில் பெரியவர்கள் இன்றும் உருகிப் பேசுகிற 'ஞானசௌந்தரி'யை யாராவது திரும்ப எடுத்தால், நாடக நடிகை ஒருவரைத்தான் கதாநாயகியாகப் போட வேண்டும் என்று நீங்களாவது எழுதுவீர்களா?
— வாசகர், குளச்சல்

பதில்: எழுத மாட்டேன். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அது போய் விழுகிற இடம்தான் சரியில்லை.

நட்சத்திரத்தைப் போட்டுக் கெட்ட படங்கள் உண்டு. மேடை நடிகரையே போட்டுக் கெட்ட படமும் உண்டு. 'டியர் இவான் ஹான்சன்' என்ற பிராட்வே இசை நாடகத்தில் பள்ளி மாணவனாக நடித்து 2017-ல் அமெரிக்க நாடக உலகின் டோனி விருது வாங்கியவர் பென் பிளாட். 2021-ல் அது படமாக வந்தபோது, நீங்கள் கேட்கிற அதே நியாயப்படி அவரையே போட்டார்கள். அவருக்கு அப்போது வயது 27-ஐ ஒட்டியிருந்தது. குரலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மேடையில் பின்வரிசைக்காரர் கண்ணுக்குத் தட்டாத வயது, திரையில் கன்னத்திலும் கழுத்திலும் தெரிந்துவிட்டது. விமர்சகர்கள் பலரும் பிடித்துக்கொண்டது அதைத்தான். அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து, அவர் பல காலம் பாடிச் சம்பாதித்த பேரைக் கொண்டுபோய்ச் சந்தியில் நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் கட்சிக்கும் வலுவான சாட்சி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 'மை ஃபேர் லேடி' 1956-ல் மேடையேறியபோது நாயகி எலைசாவாகப் பாடி நடித்தவர் ஜூலி ஆண்ட்ரூஸ். 1964-ல் படமாக்கியபோது திரையில் அவருக்குப் பேர் இல்லை என்று ஒதுக்கிவிட்டு ஆட்ரி ஹெப்பர்னைப் போட்டார்கள். ஹெப்பர்னுக்குப் பெரும்பாலான பாட்டுகளை மார்னி நிக்சன் பாடிக் கொடுத்தார். படம் 8 ஆஸ்கர் வாங்கியது. ஹெப்பர்ன் பேர் பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லை. அந்த ஆண்டின் சிறந்த நடிகை விருது, வேறொரு படத்துக்காக, ஒதுக்கப்பட்ட ஜூலி ஆண்ட்ரூஸுக்கே போனது. அதே படத்தில் மேடை நாயகன் ரெக்ஸ் ஹாரிசனை மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள். அவரோ, முன்கூட்டிப் பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்க முடியாது என்று நின்றுவிட்டார். டைக்குள் சின்ன ஒயர்லெஸ் மைக்கை ஒளித்துவைத்து, நடிக்க நடிக்கவே அவர் குரலைப் பிடித்தார்கள். ஹெப்பர்ன் பாட்டுகள் பார்க்க அழகாக இருக்கின்றன. ஹாரிசன் பாடும்போதுதான் ஒரு மனிதன் நம் கண்ணெதிரே யோசித்து, தடுமாறி, அடுத்த வரிக்கு வருகிறான் என்று எனக்குப் படுகிறது.

இசை நாடகத்தில் வசனம் முடிந்து பாட்டு வருவதில்லை, பாட்டேதான் வசனம். யார் நடிப்பது என்ற கேள்வியை அங்கிருந்து தொடங்க வேண்டும். நட்சத்திரமா நாடகக்காரரா என்று தொடங்கினால் கடைசிவரை சம்பளப் பேச்சிலேயே நிற்போம்.

2012-ல் வந்த 'லே மிசராப்ல்' படத்தில் நடிகர்களைப் படப்பிடிப்புத் தளத்திலேயே பாட வைத்தார்கள். ஒவ்வொருவர் காதிலும் ஒரு சின்னக் கருவி. அதில் பியானோ மட்டும் கேட்கும். நடிகர் நிறுத்தினால் பியானோவும் நிற்கும், அவர் இழுத்தால் அதுவும் இழுக்கும். பெரிய வாத்திய இசையைப் பிற்பாடு சேர்த்துக்கொண்டார்கள். இதைப் புதுமை என்று கொண்டாடினார்கள். நம் இசை நாடக மேடையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதே இல்லை. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரர், நாயக வேடம் போடுகிற ராஜபார்ட்டின் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ராஜபார்ட் ஒரு வரியைத் திருப்பிப் பிடித்தால் அவர் விரலும் திரும்பும். ராஜபார்ட் மூச்சு வாங்கினால் பெட்டி அந்த இடைவெளியை நிரப்பும். தாளத்துக்கு நடிகன் ஓடாமல், நடிகனின் மூச்சுக்குத் தாளம் ஓடும். அந்தப் படத்தில் ஆன் ஹாத்தவேயின் பாட்டு ஒரே ஷாட்டில், முகத்தை விட்டு நகராமல் போகிறது. அழுகையில் சுருதி கொஞ்சம் உடைகிறது, அதை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஆஸ்கர் கிடைத்தது. ஹாத்தவே நட்சத்திரம்தான். அவரை எந்த நாடகக்காரர் துரோகி என்று சொல்வார்?

நம் பக்கத்துக்கு வருவோம். தமிழ் சினிமா பேசத் தொடங்கிய காலத்தில் நாடகத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். தியாகராஜ பாகவதரும் எஸ்.டி.சுப்புலட்சுமியும் மேடையில் சேர்ந்து பாடிய 'பவளக்கொடி'யை அதே ஜோடியை வைத்து 1934-ல் கே.சுப்ரமணியம் படமாக்கினார், ஓடியது. 1935-ல் வந்த 'மேனகா'வில் டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவே திரைக்குப் போனது. நம் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் அதில் உண்டு. ஆகவே நாடகக்காரர்களைச் சினிமா எப்போதும் விரட்டியது என்ற எண்ணமே முழுசாகச் சரியில்லை.

கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தைப் பாருங்கள். 1935-ல் நந்தனாக நடித்தவர் கே.பி.சுந்தராம்பாள், ஒரு பெண். கணவரும் மேடை ஜோடியுமான கிட்டப்பா 1933-ல் மறைந்த பிறகு எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதியாக இருந்தவர். ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் கொடுத்து அழைத்து வந்தார்கள். 1942-ல் ஜெமினி ஸ்டுடியோ எடுத்தபோது அதே வேடம் தண்டபாணி தேசிகருக்குப் போனது. ஒருவர் நாடக மேடையை ஆண்டவர், மற்றவர் தேவாரம் பாடி வளர்ந்தவர். உருவத்தில் இருவருக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு பேரையும் அந்த வேடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது தொண்டை. நந்தன் படும் பாடு முழுக்கப் பாட்டில்தான் இருக்கிறது என்று எடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது உங்கள் ஞானசௌந்தரி. சங்கரதாஸ் சுவாமிகள் கால மேடையிலிருந்து புகழோடு வந்த கதை. சிற்றன்னையின் கொடுமையால் காட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு இரண்டு கைகளும் வெட்டப்பட்ட பெண். இளவரசனைக் கல்யாணம் செய்தும் தீராத துன்பம். கடைசியில் தேவமாதா அருளால் கை திரும்பக் கிடைக்கிறது. கத்தோலிக்கக் கதை என்றாலும் எல்லா மதத்தவரும் வந்து பார்த்து அழுத நாடகம். 1948-ல் சிட்டாடல் பட நிறுவனமும் ஜெமினியும் ஒரே ஆண்டில் தனித்தனியாக இதைப் படமாக்கின. சிட்டாடலின் படத்தைத்தான் ஜனம் தலையில் வைத்துக்கொண்டது. அதில் நாயகி எம்.வி.ராஜம்மா.

குளச்சல்காரரான உங்களுக்கு 'அருள் தாரும் தேவமாதாவே' பாட்டை நான் அறிமுகப்படுத்த வேண்டாம். அந்தப் பாட்டைச் சிறுமி ஞானசௌந்தரி தொடங்குகிறாள், குரல் ஜிக்கி. பாட்டு போகப் போகச் சிறுமி வளர்ந்து ராஜம்மா ஆகிறார், குரல் பி.ஏ.பெரியநாயகி. ஒரே ஜெபத்துக்குள் ஒரு பெண் வளர்ந்துவிடுகிறாள். மேடையில் இதைச் செய்யத் திரை போட்டு, ஆளை மாற்றி, பபூனை விட்டு நேரத்தை ஓட்ட வேண்டும். நாடகத்தைப் படமாக்குவது என்றால் இதுதான்: மேடையால் முடியாத ஒன்றைப் பாட்டின் உள்ளிருந்தே எடுப்பது. இதில் நாயகிக்கு இரவல் குரல்தான். அதனால் பாட்டு கெடவில்லை, ஏனென்றால் குரலும் முகமும் ஒரே ஜெபத்தைச் சொல்கின்றன. இரவல் குரலே கூடாது என்று நான் பிடிவாதம் பிடிக்காததற்குக் காரணம் இந்தப் பாட்டு.

நாயகி யார் என்று கேட்டீர்களே, அந்த வேடத்தில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. கதையின் பெரும்பகுதி அவளுக்குக் கை கிடையாது. நாடக நடிப்பில் பாதிக்கு மேல் கையில் இருக்கிறது. கும்பிடுவது, மாரில் அடித்துக்கொள்வது, முந்தானையால் கண்ணைத் துடைப்பது, பிள்ளையை வாரி எடுப்பது. இவை ஒன்றும் இவளுக்கு இல்லை. கைகளைப் புடவைக்குள் இழுத்துக் கட்டிக்கொண்டு, குரலை மட்டும் நம்பி கடைசி வரிசை வரை அழ வைப்பது மேடையின் சாமர்த்தியம். அப்படிப் பழகியவரைக் காமிராவுக்கு நாலடி தூரத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்? கை செய்ய வேண்டிய வேலையை எல்லாம் புருவமும் தோளும் சேர்ந்து செய்யப் பார்க்கும். குரல் எழுந்து அடிக்கும். தாய் பசியில் அழும் பிள்ளையைத் தூக்க முடியாமல் நிற்கிற காட்சியில், கண் ஒரு தரம் கீழே போய்த் திரும்பினால் போதும். அதைச் செய்யத் தெரிந்தவர் மேடைக்காரராக இருந்தாலும் சரி, சினிமாக்காரராக இருந்தாலும் சரி, அவரே ஞானசௌந்தரி.

தயாரிப்பாளர் போஸ்டருக்கு ஒரு முகம் கேட்பார். கேட்கட்டும், பணம் அவருடையது. அந்த முகத்தை இளவரசனுக்கோ ராஜாவுக்கோ கொடுக்கலாம். அவை அதைத் தாங்கும். நாயகியின் பாட்டில் கை வைத்தால்தான் நான் எழுதுவேன், காட்டமாகவே எழுதுவேன். படம் நீள்கிறது என்று ஜெபப் பாட்டைப் பாதியாக்குவது, பாட்டை வெட்டி வசனத்தில் சொல்லிவிடுவது, பாடத் தெரியாதவரைப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் சுருதியை நேர்செய்துகொள்வது. துரோகம் என்ற சொல்லை இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், வருத்தப்படாதீர்கள். உங்கள் கடற்கரையில் பங்குத் திருவிழா மேடைகளில் இசை நாடகம் கடைசியாக எப்போது ஏறியது? இன்னிசைக் கச்சேரிக்குப் பணம் ஒதுக்குகிற கமிட்டிகள், ஆர்மோனியப் பெட்டியோடு ஒரு குழு வந்து நின்றால் "இப்ப யாரு பாக்கா?" என்கின்றன. சினிமாக்காரர் நாடகக்காரரைக் கூப்பிடவில்லை என்று கேட்கும் முன், நாம் கூப்பிட்டோமா? மேடையே இல்லாமல் போனால் நீங்கள் சொல்கிற நாடக நடிகை எங்கிருந்து வருவார்?

யாரைப் போடுவது என்று என்னைக் கேட்டால், நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை ஒவ்வொரு கோவிலின் பாடகர் குழுவிலும் ஒரு நாள் உட்காரச் சொல்வேன் இயக்குநரை. கச்சேரிக்குப் பாடுகிற பிள்ளைகளைவிட, ஜெபத்துக்குப் பாடுகிற பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்வேன். தேர்வு வைக்கும்போது பெண்ணின் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லி, வாத்தியம் இல்லாமல், காமிராவை முகத்துக்குக் கிட்டே வைத்து அந்த ஜெபப் பாட்டைப் பாட வைக்கட்டும். நாடகத்தில் பழகிய பெண்ணும் வரட்டும், நட்சத்திரமும் வரட்டும். சிற்றன்னை வேடத்துக்கு மட்டும் யோசிக்கவே வேண்டாம்: அதற்கு நாடக மேடையில் பழம் தின்று கொட்டை போட்ட நடிகை ஒருவர்தான். அந்த வேடத்துக்குக் கை இருக்கிறது.